ராத்திரியானா ஜன்னல் ஊளையிடுது அண்ணே!

வீடும் நாமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒருத்தர் "புது ஜன்னல் போட்டதுல இருந்து ஒரே சத்தம், சிலிக்கான் அடிச்சு அடைச்சிரலாமா"ன்னு கேட்டிருந்தாரு. "அவசரப்பட்டு அடைக்காதீங்க, எந்த நேரத்துல வருதுன்னு மொதல்ல பாருங்க"ன்னு ரெண்டே வரியில முடிச்சிட்டேன். அது பத்தலைன்னு கடுதாசியும் வாய்ஸ் மெசேஜுமா வந்து குவிஞ்சிருச்சு, அதுல பாதிக்கு மேல ராமநாதபுரம் கடக்கரை பக்கத்துல இருந்துதான். வராம என்ன செய்யும், தெக்க ஒரு கடல் வடக்க ஒரு கடல்னு வச்சிருக்கிற ஊர்ல காத்துக்கு லீவே கிடையாதே. அதனால இந்தத் தடவ முழுக்க ஜன்னல்தான். மாடி ஒழுகுது, பாத்ரூம் ஓதம் ஏறுதுன்னு கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே வணக்கம், நாங்க பாம்பன் தெக்குவாடி. பழைய மர ஜன்னலக் கறையான் அரிச்சிருச்சுன்னு பங்குனி மாசம் வெள்ளைக் கலர் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங் ஜன்னல் போட்டோம். காலையில வெயில் ஏறுறப்ப டக்… டக்…னு ஒரு சத்தம், பொழுது சாஞ்சப்புறம் மறுபடி அதே. அதுகூடப் பரவாயில்ல, வைகாசி பொறந்ததுல இருந்து ராத்திரியில ஊஊஊன்னு ஒரே ஊளை, பிள்ளைங்க பயந்து ஹால்ல வந்து படுத்துக்குதுங்க. எங்க அத்தை, கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) விழுந்த அன்னைக்குத்தான் கத்துது, 64 தனுஷ்கோடி புயல்ல போனவங்கதான் வர்றாங்கன்னு சொல்லி எலுமிச்சம்பழம் கட்டிட்டாங்க. மாட்டுனவய்ங்ககிட்ட கேட்டா "அது அப்படித்தான்கா, போகப்போக சரியாயிரும்"ங்கிறாய்ங்க. என்னதான் செய்ய?
வாசகி, பாம்பன்

பதில்: தங்கச்சி, உங்க கடுதாசியிலயே ரொம்ப உருப்படியான தகவல் உங்க அத்தை சொன்னதுதான். கச்சான் அடிச்சாத்தான் கத்துதுன்னு அவங்க கண்டுபிடிச்சாங்க பாருங்க, மாட்டுன ஆளு அதைக்கூடப் பாக்கல. 1964 டிசம்பர் 22 ராத்திரியப் பாத்த தலைமுறை காத்து சத்தத்துக்குப் பதறுறதுல தப்பே இல்ல, எலுமிச்சம்பழத்த அவுக்கச் சொல்லி வீட்டுல சண்டை போடாதீங்க. ஆனா உங்க வீட்டுல நடக்கிறது ரெண்டு தனித்தனி வேலை, ரெண்டுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற.

டக் டக் சத்தம் வெயிலோட வேலை. பிளாஸ்டிக் சூட்டுல நீளும், சுவரு அந்த அளவு நீளாது. யுபிவிசி ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 டிகிரி சூடு ஏறுனா முக்கால் மில்லிக்குக் கிட்ட நீளும், அதே சூட்டுக்கு அலுமினியம் கால் மில்லி கூட வராது, கான்கிரீட் அதுலயும் பாதிதான். அப்ப உங்க ஆறடி ஜன்னல் காலையில இருந்து உச்சிக்குள்ள 25 டிகிரி கூடுதலா சூடாயிருச்சுன்னா பிரேம் 3 மில்லி நீளப் பாக்குது. நீள இடம் இருந்தா சத்தமில்லாம நீண்டுட்டுப் போயிரும், இடமில்லன்னா அங்கங்க பிடிச்சுக்கிட்டு நின்னு, தாங்க முடியாத எடத்துல சட்டுனு வழுக்கும், அந்த வழுக்கல்தான் டக். பொழுது சாஞ்சதும் சுருங்கி வர்றப்ப அதே கதை திரும்ப. அதனாலதான் காலையிலயும் சாயங்காலமும் மட்டும் கேக்குது, நடு ராத்திரியில கேக்காது, நீங்களே கவனிச்சுப் பாருங்க. மரக் கலர்ல பிரவுன் போட்டவங்க வீட்டுல இது இன்னும் சாஸ்தி, அடர் நிறம் வெயில அப்படியே குடிக்கும்.

இடம் ஏன் இல்லாமப் போச்சு? பிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல நாலு பக்கமும் ஒரு 5 மில்லி சந்து விட்டு, அந்தச் சந்துல பியு ஃபோம் (அடிச்சதும் உப்பி அடைக்கிற நுரை) அடிச்சு, வெளிப்பக்கம் சிலிக்கான் பூசணும், அதான் முறை. ஆனா நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னா ஜன்னல்காரர் மாட்டிட்டுப் போவாரு, அவரு பின்னாடியே கொத்தனார் வந்து சந்தைப் பாத்துட்டு "என்னய்யா இது ஓட்டையா விட்டுட்டுப் போயிருக்கான்"னு சிமெண்ட் கலவைய அப்பி வழவழன்னு பூசி விட்டுருவாரு, அவரு மேல தப்பு சொல்ல முடியாது, மர ஜன்னலுக்கு அப்படித்தான் செஞ்சு பழக்கம். பிரேம ஒட்டுன பூச்சுல முடி கணக்கா வெடிப்பு ஓடுதான்னு பாருங்க, ஓடுனா இதுதான் சங்கதி. ஸ்க்ரூவ ரொம்ப முறுக்கி பிரேமையே வளைச்சு வச்சிருந்தாலும் இதே சத்தம் வரும். மூலையில இருந்து அரை அடி தள்ளி ஒரு ஸ்க்ரூ, அப்புறம் ரெண்டடிக்கு மிகாம ஒண்ணு, ஸ்க்ரூ போடுற எடத்துல பின்னாடி சந்துல முட்டு குடுக்க பேக்கர் கட்டை, இவ்வளவுதான் கணக்கு. நாளைக்கு நாலஞ்சு தடவ டக்குனா அதைப் பெருசா எடுத்துக்காதீங்க, ஜன்னலுக்கு ஒண்ணும் ஆகாது. ஷட்டர் (தள்ளித் திறக்குற கண்ணாடிக் கதவு) மதியத்துல இறுக்கமாகி நகரமாட்டேங்குதுன்னா மட்டும் அந்தச் சிமெண்ட கட்டர் வச்சு எடுக்கச் சொல்லி ஃபோம் அடிச்சுக்கோங்க.

இனி ஊளைக்கு வருவோம். காலி பாட்டில் வாயில குறுக்க ஊதுனா சத்தம் வருதுல்ல, அதேதான். யுபிவிசி பிரேம் உள்ள பூரா கூடு, அறை அறையா வெத்திடம். எங்கயோ ஒரு சின்னச் சந்து, அதுக்குப் பின்னாடி ஒரு கூடு, குறுக்க கச்சான், முடிஞ்சது கதை. உங்க ஜன்னல் பங்குனியில மாட்டினது, அப்ப தெக்கத்திக் காத்து லேசா இருந்திருக்கும், வைகாசியில கச்சான் எடுத்ததும் பாட ஆரம்பிச்சிருச்சு, ஜன்னல்ல புதுசா ஒண்ணும் கெட்டுப் போகல.

உங்க ஊர்க் காத்து சாதாரணக் காத்தும் இல்ல. பழைய ரயில் பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் தாண்டுனா ரயில நிப்பாட்டிட்டு இருந்தாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்த வேகத்துல நேரா அடிக்கிற காத்து ஒரு சதுர மீட்டர் மேல 15 கிலோ எடைய வச்ச கணக்குக்கு அழுத்தும், நாலுக்கு நாலு ஜன்னல்னா 20 கிலோவுக்கு மேல. அவ்வளவு அழுத்தம் இருந்தா எவ்வளவு சின்ன ஓட்டையா இருந்தாலும் பூந்து வரத்தான் பாக்கும்.

எந்த ஓட்டைன்னு கண்டுபிடிக்க பெயின்ட் கடையில மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்குங்க. ஊளை கேக்குற நேரத்துலயே, உள்பக்கமா நின்னு, ரெண்டு ஷட்டரும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற நடுச் செங்குத்துக் கோடு இருக்குல்ல, மொதல்ல அதுல மேல இருந்து கீழ வரைக்கும் ஒட்டுங்க. நின்னுச்சா? நிக்கலன்னா அதை விட்டுட்டு மேல் டிராக் (ஷட்டர் ஓடுற பள்ளம்), அப்புறம் பக்கவாட்டு, கடைசியா கீழ. டேப் எந்த எடத்துல ஒட்டுனதும் சத்தம் டக்குனு நிக்குதோ அங்கதான் சந்து. ஊதுபத்தி பொகையக் கிட்ட காமிச்சாலும் தெரியும், பொகை உள்ள வளைஞ்சா காத்து வருதுன்னு அர்த்தம், ஆனா கச்சான் அடிக்கிறப்ப பொகை கண்டபடி பறக்கும், டேப்தான் நம்பிக்கை. நான் பாத்த வரைக்கும் குத்தவாளி அந்த நடுக்கோடுதான். ஷட்டர் ஓரத்துல ரோமம் வச்ச பட்டை ஒண்ணு ஓடும், அதை மேலயும் கீழயும் ஒரு விரக்கடை குறைச்சு வெட்டியிருப்பாய்ங்க, அந்த ஒரு விரக்கடைதான் நரி. பட்டைய உருவிட்டு முழு நீளத்துக்குப் புதுசு போடச் சொல்லுங்க, செலவு ரொம்பக் கம்மி. பூட்டு ஓட்டை, பிரேம்ல ஸ்க்ரூ போட்டு மூடி போடாம விட்ட ஓட்டை, இதுங்களையும் ஒரு தடவ பாத்துருங்க.

ஐப்பசி கார்த்திகையில வாடைக் காத்து திரும்புனதும் தெக்குப் பக்கம் ஓஞ்சுரும், வடக்குப் பக்கத்து ஜன்னல் ஆரம்பிக்கும். அதுக்குள்ள எல்லா ஜன்னலுக்கும் பட்டைய சரிபார்த்துக்கோங்க. பொதுவாவே சொல்றேன், கடல நேராப் பாத்த சுவருக்கு ஸ்லைடிங் வேண்டாம், கீல் வச்சு வெளிப்பக்கமாத் திறக்குற ஜன்னல் போடுங்க. அதுல ரப்பர் கேஸ்கெட் நாலு பக்கமும் நசுங்கி மூடும், காத்து அழுத்துனா இன்னும் கெட்டியா மூடும். ஸ்லைடிங்ல இருக்கிறது வெறும் ரோமப் பட்டை, எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் உரசி நகரணும்ல, அதனால முழுசா அடைக்காது. பார்வைக்கு அழகு, இடம் மிச்சம்னு எல்லாரும் ஸ்லைடிங்கே கேக்குறாங்க, நான் சொல்லி யாரு கேக்குறா.

கேள்வி: அண்ணே, தங்கச்சிமடத்துல மாடியில ஜன்னலுக்கு வெளிய 12 மில்லி எஸ்எஸ் கம்பி நெட்டா வச்சு கிரில் போட்டோம். ஜன்னல் சாத்தியிருக்கும்போதும் ம்ம்ம்ம்னு ரீங்காரம். ஜன்னல் கம்பெனிக்காரன் கிரில் மேல பழி போடுறான், வெல்டிங் பட்டறைக்காரன் ஜன்னல் மேல போடுறான். யாரு சொல்றது நிசம்?
வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஜன்னல்காரர் சொல்றது நிசம் தம்பி. உருண்டைக் கம்பி மேல காத்து மோதுனா பின்பக்கம் இடதும் வலதுமா மாறி மாறிச் சுழி விட்டுக்கிட்டே போகும். அந்தச் சுழி எத்தனை தடவ விழுதோ அதுதான் நமக்குக் கேக்குற சுதி. ஸ்ட்ரூஹால்னு செக் நாட்டு ஆளு ஒருத்தர் 1878லயே இதை அளந்து வச்சிட்டாரு. காத்து வேகத்தக் கம்பி கனத்தால வகுத்து அதுல அஞ்சுல ஒரு பங்கு எடுத்தா சுதி வந்துரும். உங்க 12 மில்லி கம்பி மேல மணிக்கு 36 கிலோமீட்டர் காத்து அடிச்சா விநாடிக்கு 160, 170 துடிப்பு, நீங்க சொல்ற ம்ம்ம்ம் அதான். காத்து ஏற ஏற சுதியும் ஏறும், அதையும் கவனிச்சிருப்பீங்க.

வெறும் சுழி சத்தம் அவ்வளவு பெருசா இருக்காது. கம்பியோட சொந்தத் துடிப்பும் அதுவும் ஒண்ணாச் சேந்துச்சுன்னாத்தான் வீடே ரீங்காரம் போடும். ரீங்காரம் வர்றப்ப ஒவ்வொரு கம்பியா நடுவுல கையால பிடிச்சுப் பாருங்க, எதைப் பிடிச்சா சத்தம் செத்துப் போகுதோ அந்தக் கம்பிய நடுவுல ஒரு குறுக்குப் பட்டை வச்சு வெல்டு பண்ணிருங்க, நீளம் பாதியானா துடிப்பு மாறிரும். எந்தக் கம்பியப் பிடிச்சும் நிக்கலன்னா கிரில் சட்டத்தப் பாருங்க, சதுரக் குழாய்ல செஞ்சிருந்தா வாய் திறந்து கிடக்கும், இல்ல வெல்டிங்ல ஓட்டை விழுந்திருக்கும், அதை மூடுனாப் போதும். அதுவும் இல்லன்னா கொசு வலைச் சட்டம் தளர்ந்து அதிருதான்னு பாருங்க. எதுவானாலும் எஸ்எஸ்லயே 304 ரகத்துக்கு மேல 316 ரகம் கேட்டு வாங்குங்க. காரைக்குடி செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) ஆளுங்க இரும்பு எப்படி அரிக்குதுன்னு பாக்குறதுக்கு மண்டபத்துல தனியா ஒரு நிலையமே வச்சிருக்காங்கன்னா உங்க ஊர் உப்புக் காத்து எப்படிப்பட்டதுன்னு நானா சொல்லணும்.

கேள்வி: ஐயா, மண்டபத்தில் வீடு. சென்ற ஐப்பசி மழையில் புது ஸ்லைடிங் ஜன்னலின் அடியில் கொளக் கொளக் என்று சத்தம் வந்தது, வெளியே பார்த்தால் பிரேமில் நீள ஓட்டைகள். மகன் அத்தனையையும் சிலிக்கான் போட்டு அடைத்துவிட்டான். சத்தம் நின்றது, ஆனால் அடுத்த மழையில் தண்ணீர் டிராக் நிறைந்து கட்டில் வரை வந்துவிட்டது. ஓட்டை வைத்தது கம்பெனி தவறா, அடைத்தது எங்கள் தவறா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மண்டபம்

பதில்: சார், அடைச்சதுதான் தப்பு, தம்பிய ரொம்பத் திட்டாதீங்க, இந்தக் கடுதாசிக் கட்டுல இதே வேலைய செஞ்சவங்க நிறைய பேர் இருக்காங்க. ஸ்லைடிங் ஜன்னல்ல மழைத்தண்ணி டிராக்குக்குள்ள வரத்தான் செய்யும், வந்த தண்ணி வெளிய போகத்தான் அந்த நீள ஓட்டை. அதை அடைச்சா தண்ணிக்கு வேற வழி உங்க கட்டில்தான்.

கொளக் கொளக் ஏன் வந்துச்சுன்னா, தண்ணி வெளிய போகப் பாக்குது, வாடைக் காத்து அதே ஓட்டை வழியா உள்ள வரப் பாக்குது, ரெண்டும் முட்டிக்கிட்டு காத்து குமிழியா தண்ணிக்குள்ள ஏறுது. இதுல சத்தத்த விட முக்கியமான ஒரு கணக்கு இருக்கு. முன்ன சொன்ன அதே 58 கிலோமீட்டர் காத்து, ஓட்டைக்கு வெளிய நின்னு அழுத்துனா, டிராக்குக்குள்ள ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணியப் போகவிடாம நிப்பாட்டி வைக்கும். டிராக்கோட உள்பக்கத்து விளிம்பு அதை விட உயரமா இருந்தா காத்து கொஞ்சம் அசந்ததும் தண்ணி தானா வடிஞ்சிரும், தாழ்வா இருந்தா வீட்டுக்குள்ள வழியும். ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, ரெண்டு சென்டிமீட்டருக்கும் கம்மியான விளிம்புன்னா புயல் காத்துல அந்த ஜன்னல் தாங்காது, வெளிய மேல ஒரு சன்ஷேடு நீட்டிப் போடுறதுதான் வழி.

இப்போதைக்கு சிலிக்கான பிளேடால நோண்டி எடுத்துருங்க. ஓட்டை மேல வெளிப்பக்கமா மாட்டுறதுக்கு சின்ன பிளாஸ்டிக் மூடி உண்டு, உள்ள ஒரு நாக்கு தொங்கும், தண்ணி தள்ளுனா தொறக்கும், காத்து தள்ளுனா மூடிக்கும். கடையில கேட்டா குடுப்பாங்க, மாட்டுற ஆளுங்கதான் பாதி எடத்துல மறந்துருவாங்க. ஐப்பசி பொறக்கிறதுக்கு முன்னாடி பழைய டூத் பிரஷ்ஷால டிராக்கையும் ஓட்டையையும் ஒரு தடவ தேய்ச்சு, ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி வெளிய வடியுதான்னு பாத்துருங்க. மணலும் எறும்புக் கூடும் அடைச்சிருக்கும், பெயின்ட் அடிச்சவங்க ஓட்டை மேலயே பட்டிய இழுத்து விட்டிருப்பாங்க.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. மவன் துபாய்ல இருந்து காசு அனுப்பி கீழக்கரை வீட்டுக்கு ரெட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டோம், சத்தமே வராதுன்னு சொன்னாங்க. இப்ப அடுப்பங்கரையில சமைக்கும்போது மட்டும் விசில் அடிக்குது, ராத்திரியில சுவருக்குள்ள தண்ணி ஓடுற சத்தம், உர்ர்னு ஒரு சத்தம், முந்தி இதெல்லாம் இல்லவே இல்ல.
வாசகி, கீழக்கரை

பதில்: வ அலைக்கும் ஸலாம்மா. சமைக்கும்போது மட்டும்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே விடை இருக்கு, சிம்னியப் போட்டாத்தான விசில் வருது? அந்தச் சிம்னி மணிக்கு ஆயிரம் கன மீட்டர் காத்த வெளிய இழுத்துத் தள்ளும்னு பெட்டியிலயே போட்டிருக்கும். முந்தி பழைய ஜன்னல் சந்து வழியா அவ்வளவு காத்தும் உள்ள வந்துச்சு, இப்ப எல்லாம் இறுக்கி மூடியாச்சு, மிச்சம் இருக்கிற ஒண்ணு ரெண்டு நூல் சந்துல மொத்தக் காத்தும் நெரிச்சுக்கிட்டு வருது. சமைக்கிறப்ப ஏதாவது ஒரு ஜன்னல நாலு விரக்கடை திறந்து வையுங்க, விசில் நின்னுரும். இது சத்தத்துக்காக மட்டும் சொல்லலம்மா, கேஸ் அடுப்பு எரியிற வீட்டுல காத்து வர வழி இருந்தே ஆகணும்.

உர்ர்னு கேக்குறது உங்க ஃபிரிட்ஜ், தண்ணி சத்தம் மாடி டேங்க் குழாய். ரெண்டும் எப்பவும் இருந்ததுதான். தெருச் சத்தமும் கடல் சத்தமும் மூடிப் போட்டிருந்துச்சு, இப்ப ஜன்னல் நல்லா வேலை செய்றதால வீட்டுச் சத்தம் காதுல விழுது. மவன் காசு வீணாப் போகல.

கேள்வி: ஜன்னல்ல டக்குனு கேக்குறப்பெல்லாம் கண்ணாடி வெடிக்கப் போகுதோன்னு பயமா இருக்கு. வெடிக்குமா? (உச்சிப்புளி)

பதில்: டக்குனு சத்தம் போட்டு எச்சரிச்சுட்டு எந்தக் கண்ணாடியும் வெடிக்காது. சாதாக் கண்ணாடின்னா மூலையப் பாருங்க, பிரேமோ ஸ்க்ரூவோ கண்ணாடிய நேரா முட்டுனா அங்க இருந்துதான் கீறல் ஓடும், அடியில ரப்பர் கட்டை வச்சு உக்கார வச்சிருக்கணும். டஃபன்டு கண்ணாடின்னா மூலையில சின்னதா முத்திரை இருக்கும், அது உடைஞ்சாலும் கல்கண்டு அளவு தூளாத்தான் கொட்டும். தட்டுனா கண்ணாடி கடகடன்னு ஆடுதுன்னா பீடிங் (கண்ணாடிய இறுக்கிப் பிடிக்கிற பட்டை) சரியா உக்காரல, அதை மட்டும் அழுத்திப் போடச் சொல்லுங்க.

கேள்வி: தேவிபட்டினத்துல நாங்க பிளாஸ்டிக் வேணாம்னு வேப்ப மரத்துல ஆசாரிய வச்சு ஜன்னல் செஞ்சோம். ராத்திரி அமைதியா இருக்கிறப்ப கர்… கர்…னு கேக்குது.

பதில்: விடிஞ்சதும் ஜன்னல் அடியில தரையப் பாருங்க. மாவு கணக்கா தூள் கொட்டிக் கிடந்து கட்டையில குண்டூசி ஓட்டை இருந்தா வண்டு உள்ள இருக்கு, மரத்தோட வெளிப்பக்கத்து வெள்ளைச் சதையக் கழிக்காம, மருந்து காட்டாம அறுத்திருக்காங்க. ஓட்டைக்கு ஓட்டை ஊசியில மரப்பூச்சி மருந்து ஏத்தி மெழுகு வச்சு அடைச்சு, மேல வார்னிஷ் அடிங்க. தூளே இல்ல, மழைக் காலத்துல மட்டும் கிறீச்சுனு இறுகுதுன்னா ஈரத்துல மரம் ஊதுது, அது குறுக்கதான் ஊதும், நீளவாக்குல நீளாது. அவசரப்பட்டு அடைமழையில இழைச்சுராதீங்க, பங்குனி வெயில்ல காஞ்சு விரல் போற சந்து விழுந்து போயிரும், அப்புறம் பாம்பன் தங்கச்சி வீட்டு ஊளை உங்க வீட்டுக்கு வந்துரும்.

கேள்வி: ஏர்வாடி பக்கம் கடக்கரையில வீடு. ஜன்னலத் தள்ளுனா நறநறன்னு பல்லுக் கூசுற சத்தம். தேங்காண்ணெய் விட்டோம், ரெண்டு நாள் நல்லாருந்துச்சு, இப்ப முந்தி இருந்ததை விட மோசம்.

பதில்: எண்ணெய் விட்டா மணல் வந்து ஒட்டாம என்ன செய்யும். மணலும் எண்ணெயும் சேந்து ரோலர அரைச்சுக்கிட்டு இருக்கு. ஷட்டரத் தூக்கி எடுத்து, டிராக்க சோப்புத் தண்ணி விட்டுக் கழுவி, காயவச்சு, சிலிக்கான் ஸ்ப்ரே லேசா அடிங்க, அதுல மணல் அவ்வளவா ஒட்டாது. ஷட்டர் அடியில ரோலரப் பாருங்க, செம்பழுப்பா துரு பிடிச்சிருந்தா மாத்துறதத் தவிர வழியில்ல, நைலான் சக்கரமும் எஸ்எஸ் அச்சும் உள்ளதா வாங்குங்க. கேக்கலன்னா சாதா இரும்பு பேரிங் வச்சதைத்தான் தலையில கட்டுவாங்க, கடல் ஓரத்துல அது ஒரு வருசம் தாங்குறதே பெருசு.

கேள்வி: அண்ணே, நீங்க சொன்ன எல்லாச் சத்தமும் எங்க வீட்டு ஜன்னல்ல இருக்கு. முழுக் காசும் வாங்கிட்டுப் போனவர் இப்ப போன எடுக்கவே மாட்டேங்கிறாரு. ரசீதுன்னு ஒரு சீட்டு மட்டும் இருக்கு. ஏதாவது வழி உண்டா?
வாசகர், தொண்டி

பதில்: அந்தச் சீட்டப் பத்திரமா வையுங்க தம்பி. போன்ல கூப்புடுறத நிறுத்திட்டு எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்பா இருந்தாலும் சரி, ஆனா "ஜன்னல் சரியில்ல"ன்னு மொட்டையா எழுதாதீங்க. எந்த ரூம் ஜன்னல், என்ன நேரம், என்ன காத்து, டேப் ஒட்டுனா நிக்குதா நிக்கலையான்னு எழுதி, சத்தத்த போன்ல ரெக்கார்ட் பண்ணிச் சேத்து அனுப்புங்க. இப்படிப் போனா பாதிப்பேரு வந்துருவாங்க, ஏன்னா வீட்டுக்காரருக்கு விவரம் தெரிஞ்சு போச்சுன்னு அவங்களுக்குப் புரிஞ்சிரும். அப்பவும் வரலன்னா பதிவுத் தபால்ல ஒரு நோட்டீஸ், அதுக்கப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை வந்ததுல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள மனு போட்டுரணும், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காம நீங்களே போய் வாதாடலாம். 1915ங்கிற நம்பர்ல தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கு, மொதல்ல அதுல ஒரு புகார் பதிஞ்சு வையுங்க.

இனிமே ஜன்னல் போடப் போறவங்களுக்கும் சேத்தே சொல்லிர்றேன், மொத்தக் காசையும் மாட்டுன அன்னைக்கே குடுத்துராதீங்க. பத்துல ஒரு பங்க நிறுத்தி வச்சுக்கிட்டு, ஒரு கச்சானும் ஒரு வாடையும் அடிச்சப்புறம் தர்றேன்னு ஆரம்பத்துலயே பேசி எழுதிக்கோங்க. ஒத்துக்கமாட்டேன்னு சொல்ற ஆளா இருந்தா வேற ஆளப் பாருங்க.